சா மில் போகட்டும், மரக்கடை இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரயில் நிலையச் சாலையிலும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் இருக்கும் மரக்கடைகளையும் சா மில்களையும் ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை நம் ஊர்களில் அடிக்கடி எழுகிறது. சத்தம், தூசி, தீ பயம், லாரி நெரிசல் என்று சொல்லப்படும் நான்கு காரணங்களும் உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்பவர்களும் சரி, அதன்மேல் முடிவெடுப்பவர்களும் சரி, சா மில்லையும் மரக்கடையையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். உருட்டு மரத் தடியை அறுக்கிற சா மில் வேறு; அறுத்த மரத்தை அடுக்கிக் காயவைத்து, அளந்து விற்கிற மரக்கடை வேறு. முதலாவதை வெளியே அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். இரண்டாவதையும் சேர்த்து விரட்டினால், அடுத்த மழைக்காலத்தில் அந்த ஊர்க் கதவுகள் மூடாது. ஏன் என்பதை விளக்கவே இக்கடிதம்.

மரக்கடை ஏதோ ஊர் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது போலப் பேசுகிறார்கள். நடந்தது நேர்மாறு. அந்தக் காலத்தில் தடி வந்து இறங்கியது கூட்ஸ் ஷெட்டில். வேகனிலிருந்து உருட்டி மாட்டுவண்டியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோவது ஆகாத காரியம். அதனால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், அன்று ஆள் நடமாட்டம் இல்லாத மனைகளில் வாடி, அதாவது மரம் அடுக்கும் களம், போட்டார்கள். செங்கோட்டை ஒரு கணவாயின் வாசலில் இருக்கிறது, கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வந்த ரயில் பாதை 1904-லேயே அங்கு வந்துவிட்டது, காடும் பக்கம். மர டிப்போக்கள் அங்கே பெருகியதில் வியப்பில்லை. திருச்சியில் பொதுக்கூட்டம் நடக்கும் இடமாகச் செய்திகளில் வரும் மரக்கடையும், கோவையின் மரக்கடையும் இன்று நகரின் நெரிசலான நடுப்பகுதிகள். கடைகள் நகரவில்லை, ஊர்தான் அவற்றைத் தாண்டிப் போனது.

ஊர் இப்படி வளர்ந்ததில் மரக்காரர்கள் கொழித்துவிட்டார்கள் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மர உத்திரம், கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீட்டில் 16-க்கு 12 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 12-க்கு 6 அங்குல உத்திரம் ஒன்று. இரு சுவர்களிலும் முக்கால் அடி உட்கார வேண்டும் என்பதால் நீளம் 13½ அடி. அது 6¾ கன அடி. உத்திரத்துக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என ஒன்றரை அடிக்கு ஒன்றாக 5-க்கு 3 அங்குலக் கட்டைகள் பதினாறு, ஒவ்வொன்றும் 8 அடி. அது 13⅓ கன அடி. ஆக, ஓர் அறையின் கூரைக்கு மட்டுமே 20 கன அடி மரம்.

இன்றைய காங்கிரீட் வீட்டுக்கு வாருங்கள். தலைவாசல் 7-க்கு 3½ அடி, நாலு பக்கமும் 5-க்கு 4 அங்குலச் சட்டம் என்றால் 2.9 கன அடி. உள் அறைகளுக்கு 3 அடி அகலத்தில் கீழ்ச்சட்டம் இல்லாத நிலைகள் ஐந்து, 4-க்கு 3 சட்டத்தில்: 7 கன அடி. 4-க்கு 4 அடி ஜன்னல் நான்கு, நடுவில் ஒரு சட்டத்துடன், 4-க்கு 2½-ல்: 5½ கன அடி. மொத்தமாகச் சுமார் 15½ கன அடியில் முழு வீட்டின் நிலை, ஜன்னல் சட்டங்கள் முடிந்துவிடுகின்றன. பழைய வீட்டின் ஒரே ஓர் அறைக் கூரைக்கு ஆன மரம்கூட இல்லை. இதிலும் ஜன்னலை யு.பி.வி.சி. பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது, குளியலறை நிலையை மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. எடுத்துக்கொண்டது, கதவுப் பலகையின் இடத்தை ஆலையில் ஒட்டிச் செய்த ஃபிளஷ் டோர் எடுத்துக்கொண்டது. இடையில் சில காலம், காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையும் சவுக்கு முட்டும் கைகொடுத்தன. இரும்பு ஷீட்டும் ஜாக்கியும் வந்ததும் அந்த வியாபாரமும் வாடகைக்கு விடுபவர்களிடம் போய்விட்டது. பிளைவுட், ஹார்டுவேர் என்று கடையின் முன்பக்கம் மாறிவிட்ட இந்த நாளில், பின்பக்கத்து மர அடுக்குதான் பழைய தொழிலின் மிச்சம். இப்போது பேச்சு அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது.

தடி வரும் வழியும் மாறியது. நீலகிரி மாவட்டக் கூடலூரில், ஜன்மம் என்ற பழைய நில உரிமையின் கீழ் இருந்த காடுகளில் நடந்த மரவெட்டு தொடர்பாக 1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதும் காட்டு மர வெட்டுக்கும் உரிமம் இல்லாத அறுவை ஆலைகளுக்கும் கடிவாளம் போட்டது. அது காட்டுக்கு நல்லது, எங்களில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் குறை சொல்வதில்லை. அதன் பிறகு சட்டப்படி கிடைப்பது மூன்று வழிகளில். கேரளத்தில் நிலம்பூர்ப் பக்கம் அருவாக்கோடு, நெடுங்கயம் போன்ற அரசு டிப்போக்களின் ஏலம் ஒன்று. பட்டா நிலத்து மரம் ஒன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தடி ஒன்று. பர்மா தேக்கு என்று இன்னும் பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களே தவிர, மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது வருவதில் பெரும்பகுதி கானா, ஐவரி கோஸ்ட், ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு.

இங்கேதான் வீடு கட்டுபவர் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. தோட்டத் தேக்கில் பெரும்பாலானவை சிறுசுற்றுத் தடிகள். 24 அங்குலச் சுற்றளவு என்றால் குறுக்களவு 7½ அங்குலத்துக்குச் சற்று மேல். சுற்றிலும் 1 அங்குலம் வெள்ளை (பட்டையை ஒட்டிய மென்மரம்) இருந்தால் உள்ளே வைரம் (நடுவில் உள்ள உறுதியான மரம்) 5½ அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 5-க்கு 3 சட்டத்தின் மூலைக்கு மூலை அளவு 5.8 அங்குலம். எனவே அந்தத் தடியிலிருந்து முழு வைரத்தில் ஒரு 5-க்கு 3 சட்டம் எடுக்கவே முடியாது. ஏதாவது ஒரு மூலையில் வெள்ளை ஏறித்தான் தீரும். எவ்வளவு நாணயமான கடைக்காரர் என்றாலும் வட்டத்தை மீறி அறுக்க முடியாது. போதாததற்கு, தடியின் நடுக்குருத்து அப்படியே சட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். காய்ந்ததும் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். சாயம் பூசி வெள்ளையை மறைப்பது அடுத்த வேலை. தேக்குதானே என்று இருந்துவிட்டால், வெள்ளையில் துளைப்பூச்சி விழுந்து, ஒரு வருடத்தில் நிலையடியில் மைதா மாவு போல நுண்ணிய தூள் கொட்டும். தேக்கின் வைரத்தை அது தொடாது, வெள்ளையை விடாது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஈரப் பதத்திலேயே முக்கி, சில வாரம் மூடிவைத்து உள்ளிறங்க விட்டால் காப்பாற்றலாம். காய்ந்த சட்டத்தின் மேல் அதே கரைசலைத் தூரிகையால் தடவினால் தோலோடு நின்றுவிடும். மழை படும் இடத்தில் கழுவியும் போய்விடும். இந்த முக்கும் தொட்டிக்கும் மூடிவைக்கும் அடுக்குக்கும் இடம் வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய இடம் கேட்பது மரத்தைக் காயவைப்பது.

பச்சைத் தடியில் மரத்தின் காய்ந்த எடையில் பாதிக்கு மேல்கூடத் தண்ணீர் இருக்கும். முதலில் வடிவது துளைகளில் நிற்கும் நீர். அதனால் மரம் இளைப்பதில்லை. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. நம் ஊர்களில் வீட்டுக்குள் இருக்கும் மரம், இடத்தையும் பருவத்தையும் பொறுத்துச் சுமார் 10-லிருந்து 15 சதவீதத்துக்குள் நிலைகொள்ளும். உள் மாவட்டக் கோடையில் அதற்கும் கீழே போவதுண்டு. இந்த இரண்டு எண்களுக்கு இடையில் நடக்கும் சுருக்கம் கடையில் நடக்க வேண்டும்; வீட்டில் நடந்தால் அதற்குப் பெயர் கோணல், வெடிப்பு, இடுக்கு. மற்ற மரங்களைப் பார்க்கத் தேக்கு குறைவாகவே சுருங்கும். அதிலேயே, ஆண்டு வளையங்களின் போக்கில் மட்டவாட்டில் அறுத்த 12 அங்குலப் பலகை, ஈரத்திலிருந்து காய்வதற்குள் அகலத்தில் கால் அங்குலத்துக்கு மேல் இழந்துவிடும். நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகையில் இழப்பு அதில் ஏறக்குறைய பாதி. நீளத்தில் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. பச்சை வேம்பையும் வாகையையும் அவசரத்தில் கதவாக்கியவர்களைக் கேட்டால் இன்னும் பெரிய எண்களாகச் சொல்வார்கள்.

காயவைப்பது என்றால் வெயிலில் போடுவதல்ல. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல் அல்லது காங்கிரீட் கட்டைகள், அவை எல்லாம் ஒரே மட்டத்தில். அதன்மேல் முதல் வரிசைப் பலகை, பலகைக்குப் பலகை ஓர் அங்குல இடைவெளி. வரிசைக்கு வரிசை நடுவில் 1-க்கு 1 அங்குலக் குறுக்குச் சட்டம், இரண்டடிக்கு ஒன்று. எல்லாச் சட்டமும் ஒரே கனம். மேல் வரிசைச் சட்டம் கீழ் வரிசைச் சட்டத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். நாலு விரல் தள்ளிப் போட்டால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து, அதே தொய்வோடு காய்ந்துவிடும். பிறகு எந்த இழைப்பு மெஷினும் அதை நிமிர்த்தாது. வெட்டுமுனைகளில் மெழுகோ கெட்டிப் பெயின்டோ பூச வேண்டும். முனை வழியே ஈரம் பல மடங்கு வேகத்தில் ஓடும், முனை மட்டும் முதலில் சுருங்கிப் பிளக்கும். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, உச்சியில் கனமான கழிவுக் கட்டைகள். ஓர் அங்குலப் பலகை நம் வெயில் மாதங்களில் இரண்டு மூன்று மாதத்தில் தேறும். 3 அங்குலக் கனமுள்ள நிலைச்சட்டத்துக்கு ஆறு மாதம் போதாமலும் போகும். ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் அடுக்கு சும்மா நிற்கும். அப்போது காய்கிறது என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

இடக்கணக்கு இதோ. 8 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயர அடுக்கில் பாதிக்கு மேல் காற்றுதான். மரம் 75 கன அடி தேறும். ஆயிரம் கன அடி இருப்பு வைக்கப் பதின்மூன்று பதினான்கு அடுக்கு. ஆள் நடந்து பலகை உருவ நடுவில் மூன்றடி விட்டால் அடுக்குகளுக்கு மட்டும் ஆயிரம் சதுர அடி, அதாவது இரண்டரை சென்டுக்குப் பக்கம். நகர நடுவில் அந்த இரண்டரை சென்டின் வாடகையை ஆறு மாதம் அசையாமல் கிடக்கும் பலகை கட்ட வேண்டும். வங்கி வட்டி தனி. ஜி.எஸ்.டி. வந்தபோது மரத்துக்கு விதித்த 18 சதவீதமும் சரக்கு வாங்கும்போதே கையிலிருந்து போய்விடுகிறது. இடம் நெருக்கப்பட்ட கடைக்காரர் முதலில் விடுவது இப்படிக் காயவைப்பதைத்தான். திங்கட்கிழமை அறுத்தது சனிக்கிழமை விற்பனை. வாங்கியவருக்கும் வித்தியாசம் தெரியாது, தூக்கினால் மட்டும் கை சொல்லும். கதவு மாட்டி மூன்று மாதத்தில் பொருத்து விட்டுப்போனால் பழி ஆசாரி தலையில்.

சூளை போட்டுக் காயவைத்தால் இடமும் நாளும் மிச்சமாகுமே என்பார்கள். ஆகும், ஓர் அங்குலத் தேக்கு மாதக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் காயும். ஆனால் சூளைக்குள் வைக்கும் முன் கொஞ்சமாவது காற்றில் ஆறியிருந்தால்தான் செலவு கட்டும். வேகமாகச் சூடேற்றினால் வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும்; அந்தப் பலகையை மறுபடி அறுத்தால் வில்லாக வளையும். ஒரு சிறு நகரத்துக் கடை தனியாகச் சூளை வைத்துக் கட்டுப்படியாகாது. ஊருக்கு வெளியே சா மில்களுக்கென்று இடம் ஒதுக்கினால் அங்கே பொதுவாக ஒன்று வைக்கலாம்.

சா மில் பற்றி இரண்டு வார்த்தை. அக்கம்பக்கத்தார் புகார் மனுவில் பேண்ட்சா (தடியை அறுக்கும் பட்டை ரம்பம்) சத்தம் என்று எழுதுகிறார்கள். உண்மையில் காதைக் கிழிப்பது இழைப்பு மெஷின்தான். பேண்ட்சா கூர்மையாக இருந்தால் அதன் சத்தம் பொறுக்கக்கூடியது. பிளேடை சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிச் சாணை பிடிக்காமல் ஓட்டும்போதுதான் அலறும், பலகையும் அலை அலையாக வரும். தீ விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. அடுக்கிய பலகை தானாகத் தீப்பிடிப்பதில்லை. ஆனால் மோட்டார் மேலும் ஸ்விட்ச் போர்டுக்குள்ளும் படிந்த தூள், இரவில் ஒரு பொறி விழுந்தால் போதும். கொழுந்து விடாமல் உள்ளுக்குள் கனன்று, விடிகாலையில் வாடி முழுவதும் பிடித்துக்கொள்ளும். தினமும் தூளைக் கூட்டி அள்ளி, மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுப் பூட்டுகிற ஆலையில் இந்தப் பேச்சே எழாது. 40 அடி டிரெய்லர் வந்து திரும்ப நகரச் சாலையில் இடமில்லை என்பதற்கோ எந்தச் சமாதானமும் கிடையாது. ஆகவே தடியும் ரம்பமும் இழைப்பும் வெளியே போக வேண்டியவையே.

போவதற்கு வழி செய்து தர வேண்டும் அல்லவா? அறுவை ஆலை உரிமம் இடத்தோடு கட்டப்பட்டது; இடம் மாற்றவும் வனத்துறையிடம் அனுமதி வேண்டும். நகராட்சி ஒரு பக்கம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பி, வனத்துறைக் கோப்பு இன்னொரு பக்கம் நகராமல் கிடந்தால், ஆலைக்காரர் நடுவில் தொங்குவார். உரிமம் இல்லாத ஆலை நோக்கி வேலை ஓடும். திருட்டுத் தடிக்கும் அங்கேதான் வாசல் திறக்கும். மும்முனை மின் இணைப்பு, டிரெய்லர் திரும்பும் சாலை, தண்ணீர்த் தொட்டி இவை தயாரான பிறகு தேதி குறிப்பதே முறை. பேண்ட்சாவுக்கு மட்டுமே 15, 20 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். விவசாயத்துக்கு இழுத்த கம்பியில் அதைக் கொக்கி போட்டு ஓட்ட முடியாது.

சைஸ் மரம், அதாவது அளவாக அறுத்த சட்டமும் பலகையும், விற்கும் கடை ஊருக்குள் இருக்க வேண்டியதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. ஆசாரி ஒரு வீட்டு வேலையில் நான்கைந்து முறை மரக்கடைக்கு வருவார்: நிலைக்கு, கதவுக்கு, விட்டுப்போன ஒரு பீடிங்குக்கு, உடைந்த ஒரு சட்டத்துக்கு. 2-க்கு 1-ல் ஆறு அடி வாங்க 15 கிலோமீட்டர் யாரும் போக மாட்டார்கள். கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். ரம்பம் இல்லாத, காய்ந்த மரம் மட்டும் அடுக்கிய கடையில் சத்தமும் இல்லை, தூளும் இல்லை. அடுக்குகளுக்கு இடையில் வழியும், பக்கத்துக் கட்டடத்திலிருந்து இடைவெளியும், வாளியும் தீயணைப்பானும் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கு ஈடாக மரக்கடைக்காரர்களிடமும் ஊர் ஒன்றைக் கேட்கலாம். தடியை நாங்கள் வாங்குவது சுற்றளவில் கால் பாகத்தை வர்க்கம் செய்யும் கணக்கில். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளத் தடி எங்கள் சீட்டில் 10 கன அடி. உண்மையில் அதில் 12.7 கன அடி மரம் இருக்கிறது. அறுத்தபின் சுமார் 6½ கன அடி சைஸ் மரம் வரும். பேண்ட்சாவின் வாய், அதாவது ஒரு வெட்டில் தூளாகும் கனம், இரண்டரை மில்லிமீட்டர். 12 அங்குலக் கட்டையை ஓர் அங்குலப் பலகைகளாகப் பிளக்கப் பதினொரு வெட்டு போட்டால் ஒரு பலகை தூளாகவே போய்விடும். வட்ட ரம்பத்தில் இரண்டு பலகை போகும். இந்த இழப்பெல்லாம் விலையில் ஏறுவது நியாயம். ஆனால் விற்கும்போது 5-க்கு 3 என்று எழுதி 4¾-க்கு 2¾ கொடுத்தால், 15 சதுர அங்குலத்துக்குப் பதில் 13. எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எனவே பில்லில் மரத்தின் இனம், எந்த நாட்டுத் தடி, டேப்பில் அளந்த உண்மை அளவு, விற்ற அன்றைய ஈரம் இந்த நான்கும் இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் ஊசி மீட்டர் இன்று எல்லாக் கடைக்கும் கட்டுப்படியாகும் பொருள். முனையில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளிக் குத்த வேண்டும், கனமான சட்டம் என்றால் குறுக்கே அறுத்த புது முகத்தின் நடுவில் குத்த வேண்டும். மேல்தோல் 12 காட்டி நடு 25 காட்டினால் அந்தச் சட்டத்தை அன்று விற்கக் கூடாது.

இடமாற்றம் பற்றி நகராட்சிகள் கூட்டம் போடும்போது வனத்துறையையும் மின்வாரியத்தையும் தீயணைப்புத் துறையையும் ஒரே மேசைக்கு அழைத்து, ஆலைக்கு ஒரு பட்டியல், கடைக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மர வியாபாரி ஒருவர்,
தென்காசி மாவட்டம்.